ஆளில்லாப் பலகை

திங்கட்கிழமையாகப் பார்த்தா கடலில் விழ வேண்டும்? நேற்று விழுந்திருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கோயமுத்தூரிலிருந்து போன் செய்திருப்பாள், நான் எடுத்திருக்க மாட்டேன், ஏழு மணிக்கு மறுபடி செய்திருப்பாள், எட்டு மணிக்கு அழ ஆரம்பித்திருப்பாள். இன்று திங்கள். அக்காவின் அடுத்த போனுக்கு முழுதாக ஆறு நாள் இருக்கிறது. ஆறு நாள் ஒருவன் உப்புத் தண்ணீரில் ஊறினால் என்ன ஆவான் என்று சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கடற்கரையில் கிடையாது. உப்புக் கம்பெனியில் கெமிஸ்ட் நான். சிரிப்பு வருகிறது. வாயைத் திறந்தால் அலை உள்ளே போகிறது. துப்பு. மூடிக்கொள். பிடியை விடாதே சபேசா. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? பாயை. நாலரை மீட்டர் பாய்மரமும் அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பாயும் தண்ணீர்மேல் மல்லாந்து கிடக்கின்றன, குறுக்கே போகும் பிடிகம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் கிடக்கிறேன். இந்தப் பாய் நிற்க வேண்டிய பலகை, என் கால்கள் நிற்க வேண்டிய பலகை, அதோ போகிறது. இரண்டையும் சேர்க்கிற ரப்பர் மூட்டு அறுந்துவிட்டது. ஒரு சாண்கூட இல்லாத கறுப்பு ரப்பர். காலையில் வளைத்துப் பார்த்தபோது மயிரிழையாக ஒரு வெடிப்பு தெரியத்தான் செய்தது, அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூட்டு அறுந்தால் பாயை விடு, பலகையைப் பிடி. பலகைதான் ஆளைத் தாங்கும், பாய் தாங்காது. கோவளத்து விண்ட்சர்ஃபிங் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. விழும்போது பிடிகம்பியை மட்டும் விடக்கூடாது, விட்டால் பாய்மரம் மண்டையில் இறங்கும் என்பதும் அங்கே சொல்லிக்கொடுத்ததுதான். நாலு வருஷமாக விடாமல் பழகிய கை இன்று விட வேண்டிய நேரத்திலும் விடவில்லை. நான் தலையைத் தூக்கித் தண்ணீரைத் துடைத்துப் பார்த்தபோது பலகை முப்பதடி தள்ளி இருந்தது. ஐந்து வீச்சு நீந்தினேன், அறுபதடி ஆயிற்று. திரும்பிப் பாயிடம் வந்துவிட்டேன்.

இப்போது அலை மேலே ஏறும்போது மட்டும் தெரிகிறது, வெள்ளையாக, கரையைப் பார்த்து. அதற்கு என்ன அவசரமோ. ஒரு கிலோமீட்டர் இருக்குமா கரை? ஒன்றரை இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறேன், முழுகிவிட மாட்டேன், ஆனால் முழுகாமல் இருப்பது மட்டும் போதாது. யாருக்குத் தெரியும் நான் இங்கே இருப்பது? பால் பாக்கெட் போடுகிறவர் இருக்கிறார். நாளைக்குக் கதவுப் பையில் போடுவார், நாளை மறுநாள் வந்து பழைய பாக்கெட்டைப் பார்ப்பார், ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வார். மெஸ்ஸில் இரவு எனக்கென்று மூன்று சப்பாத்தி எடுத்து வைப்பார்கள், ஒன்பது மணி வரை பார்ப்பார்கள், ஊருக்குப் போயிருப்பார் என்று வேறு யாருக்காவது போட்டுவிடுவார்கள். கம்பெனியில் நேற்று ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்கு இன்று லீவு. நாளைக்கு வராவிட்டால் லீவை நீட்டிவிட்டார், ஊருக்குப் போயிருப்பார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் நான் ஊருக்குப் போயிருப்பேன் என்றுதான் நினைப்பார்கள். எந்த ஊருக்கு? எனக்கு எந்த ஊர் இருக்கிறது போவதற்கு? அக்கா வீட்டில் போய் இரண்டு நாள் இருந்தால் மூன்றாம் நாள் மச்சான் வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். சரி, பைக் இருக்கிறது. சவுக்குத் தோப்புக்குள் நிறுத்தியிருக்கிறேன், யாராவது பார்ப்பார்கள். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே தோப்புக்குள் நிறுத்தினேன். சங்குமுனை ஊர் தோப்புக்குக் கிழக்கே அரை மைல்கூட இல்லை. கட்டுமரக் காலத்திலிருந்து கடலில் இருக்கிறவர்கள். அங்கே இறங்கினால் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். நான் விழுவேன், அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமலும் இருக்கலாம். ஒரு நாள் கூட அங்கே இறங்கியதில்லை, எனக்கு எப்படித் தெரியும். வழியில் பார்த்தால் உப்புக் கம்பெனி சார் என்பார்கள், நான் தலையை ஆட்டுவேன். நாலு வருஷத்தில் அவ்வளவுதான் பேச்சு. கச்சான் காற்று கடுமையாக அடிக்கும், கடலுக்குப் போகாதீர்கள் என்று இரண்டு நாளாக மைக் வைத்துச் சொல்கிறார்கள். அவர்களுடைய வள்ளம் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடக்கிறது. எவனும் கடலுக்குப் போகாத நாளைத் தேடிப் பிடித்துத்தான் நான் வந்திருக்கிறேன்.

காலையில் காற்று நன்றாகத்தானே இருந்தது. தோப்போரத்தில் மணலில் பாயை விரித்துக் கட்டும்போது ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, பெரிய பாயே போதும் என்று எடுத்துவிட்டேன். சவுக்கு மரம் நாற்பதடி நின்று காற்றில் பாதியைத் தின்றுவிடும், கரையில் நின்று பார்க்கிற காற்று கடலில் இருக்கிற காற்று இல்லை என்பது இந்த விளையாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயங்களாலேயே இன்று சாகப்போகிறேன் போல. தோப்பின் மறைவு தாண்டினதும் காற்று வந்து அடித்தது பார், பாய் என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இடுப்புக் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, உடம்பு முழுப் பாரத்தையும் பின்னால் சாய்த்து, கால் இரண்டையும் பலகையின் வாரில் நுழைத்துக்கொண்டேன். பலகை தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அடியில் தடதடதடவென்று மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கு வயது நாற்பத்தாறு இல்லை, பெயர் இல்லை, கம்பெனி இல்லை. சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், சந்தோஷமாகத்தான் இருந்தது. கத்தினேன்கூட. என்ன கத்தினேன்? ஹேமா என்று கத்தவில்லை, நிச்சயமாக இல்லை. சும்மா ஓவென்று. இந்த விளையாட்டை எதற்கு எடுத்தேன் என்று அக்கா கேட்டபோது உடம்புக்கு நல்லது என்றேன். உண்மை வேறு. ஷட்டில் ஆட எதிரே ஓர் ஆள் வேண்டும், சீட்டு ஆட மூன்று பேர் வேண்டும், கேரம் போர்டைத் தனியாக எத்தனை நாள்தான் ஆடுவது. இதற்கு ஆள் வேண்டாம், காற்று போதும். கோவளத்தில் அதற்கும் ஒரு விதி சொன்னார்கள்: கரையில் ஒருவரிடம் சொல்லாமல் இறங்காதே, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. அந்த விதியை மட்டும் நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

காலில் என்னவோ பட்டது. சொறிமுட்டை, ஜெல்லி மீன். முழங்காலுக்குக் கீழே தீயாக எரிகிறது. எரியட்டும், எரிந்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம். சுறா இந்தப் பக்கம் கிடையாது. கிடையாது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன். வெயில் உச்சியில் கொளுத்துகிறது, உடம்பு நடுங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி? அலை என்னைத் தூக்குகிறது, கரை தெரிகிறது, இறக்குகிறது, கரை இல்லை. தூக்கும்போதெல்லாம் கரை கொஞ்சம் மேற்கே நகர்ந்திருக்கிறது. மேற்கே நகர்வது கரை இல்லை முட்டாளே, நீ கிழக்கே போகிறாய். ஊரையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாய். கிழக்கே வெறும் மணல், அப்புறம் முள்காடு, மனித வாடை கிடையாது. பாயை விட்டுவிட்டு நீந்த வேண்டும். விடு. விடேன். விரல் பிரியமாட்டேன் என்கிறது. பாய் தண்ணீருக்குள் நங்கூரம் போட்ட மாதிரி என்னைப் பிடித்து வைத்திருக்கிறது, இதோடு கிடந்தால் சாயங்காலம்வரை கரை சேராமல் கடலிலேயேதான் கிடப்பேன் என்று தெரிகிறது, ஆனாலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறதே. ஹேமா ஒரு தடவை கேட்டாள், எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்கிற இரண்டையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா, நீங்களாகச் சொல்லவே மாட்டீர்களா? நான் என்ன குழந்தையா என்றேன். அப்போது கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தோம். லேபில் ஒரு வேலை இழுத்துக்கொண்டே போயிற்று, அங்கேயே இரண்டு நாள் தங்கிவிட்டேன், போனில் சார்ஜ் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றவே இல்லை, அதுதான் விஷயம். அவள் இரண்டு நாளும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறாள். பிணவறைக்கும் போய்ப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது ஒன்றும் கேட்கவில்லை. கத்தவில்லை, அழவில்லை. தட்டை எடுத்து வைத்து ரசம் ஊற்றினாள். ரசத்தில் உப்பு இல்லை என்று நான் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் பெங்களூர் போய்விட்டாள், நல்லபடியாகச் சொல்லிக்கொண்டுதான் போனாள், எந்த ரயில், எத்தனை மணிக்கு, எல்லாம் சொன்னாள். அவள் அன்றைக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

விட்டுவிட்டேன். எப்போது விட்டேன் என்று தெரியவில்லை, கை இரண்டும் தண்ணீரை அளைந்துகொண்டிருக்கின்றன. திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் போய்ப் பிடித்துக்கொள்வாய். அலையோடு போ. அலை தூக்கும்போது கையைப் போடு, இறக்கும்போது மூச்சு விடு. ஒன்று, இரண்டு, மூன்று. லைஃப் ஜாக்கெட் கன்னத்தில் இடிக்கிறது. எண்ணுவதை நிறுத்தாதே. நூற்றிருபதில் மறந்துவிட்டது, மறுபடி ஒன்றிலிருந்து. தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது. என்ன அது? முதுகுக்குப் பின்னால் தூரத்தில் மோட்டார் சத்தம். டுபுடுபு என்று காற்றில் வருகிறது, அறுந்துபோகிறது, வருகிறது. வள்ளமா? திரும்பிக் கையைத் தூக்கினால் என்ன? தூக்கினால் எண்ணிக்கை போய்விடும், அலை வாயில் அடிக்கும். அதுவும் இந்தக் காற்றில் எவன் வருவான். வந்தாலும் எனக்காக எவன் வருவான். காதுக்குள் தண்ணீர் போய்விட்டது, அதுதான் டுபுடுபுவென்கிறது. இல்லாததையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டேன், சாகப்போகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமாம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. சத்தம் மேற்கே போய்த் தேய்ந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை. நாற்பத்துமூன்று.

மணல். முழங்கால் மணலில் இடித்தது. எழுந்து நின்றேன், அலை பின்னாலிருந்து தள்ளிவிட்டது, மறுபடி நின்றேன், பிறகு நிற்பானேன் என்று நாலு காலில் தவழ்ந்தே கரையேறினேன். குப்புறக் கிடந்தேன். எவ்வளவு நேரம்? பிடரி காய்ந்து உப்புப் பூத்து இழுக்கிறது. உயிரோடு இருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தேன் இந்தப் பக்கம் பார்த்தேன், நண்டுகூட இல்லை. சரி, நட. ஊரைத் தாண்டி இரண்டு மைலாவது கிழக்கே வந்து ஏறியிருக்கிறேன், மேற்கே காற்றுக்கு எதிராக நடக்க வேண்டும். மணல் பறந்து காலில் சொறிமுட்டை பட்ட இடமாகப் பார்த்து அடிக்கிறது. காற்றோடு மணிச் சத்தமும் வருகிறது. மாதா கோயில் மணி. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று. திருநாளுக்கு இப்படி அடிக்க மாட்டார்கள். சங்குமுனையில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, பாவம். யாராக இருக்கும்? எனக்கு அந்த ஊரில் யாரைத் தெரியும் யாரென்று நினைக்க. வயதானவர்களாக இருக்கும். வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றிருப்பார்கள், ஒருத்தர் தண்ணீர் ஊற்றியிருப்பார், ஒருத்தர் ஜெபம் சொல்லியிருப்பார். பொறாமையாக இருந்தது. செத்தவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு ஒருவன் மணலில் நடந்துபோகிறான், இதைவிடக் கேவலம் உண்டா. நேரே தோப்புக்குப் போய்விட வேண்டும், பைக்கை எடுக்க வேண்டும், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்க வேண்டும், நாளைக்கு எட்டு மணிக்கு லேப். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. துக்க வீட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் ஊருக்குப் பின்பக்கமாகப் போய்விடலாம். ஆனால் தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் கேட்கலாம். துக்க வீட்டில் தண்ணீர் கேட்டால் தப்பில்லை.

துக்க வீடு கரையிலேயே இருந்தது. வள்ளங்கள் ஏற்றிக் கிடக்கிற மணலில் ஊரே கூடி நின்றது, ஆணும் பெண்ணுமாக அறுபது எழுபது பேர், எல்லோர் முகமும் கடலைப் பார்த்து. பெண்கள் தலையில் முக்காடு போட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் பலகை. மணலில் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி, காற்றில் அணையாமலிருக்கச் சுற்றி நாலு செங்கல். நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் புரிய நேரமாயிற்று, உண்மையாகவே நேரமாயிற்று, என் பலகை மாதிரியே இருக்கிறதே, யாரோ இன்னொருத்தனும் இந்த விளையாட்டு ஆடுகிறான் போல, பாவம் செத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆத்தா மாதாவே" என்றார், "இந்தா நிக்கிறான்." மணி நின்றது. அவ்வளவு பேரும் என்னை நோக்கித் திரும்பினார்கள், எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள், ஐம்பது வயது இருக்கும், குட்டையாக, மஞ்சள் புடவை, என் தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள். "உப்புக் கம்பெனி சாரு! உசுரோடதான் இருக்கீகளா?" ஆமாம் என்றேன். தண்ணீர் என்றேன். யாரோ ஓடினார்கள். குடிக்கக் குடிக்க அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கடலைப் பார்த்தாள். "அப்ப அவுகளுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

கிழவர்தான் விளக்கிச் சொன்னார். ஆளில்லாமல் கட்டுமரமோ பலகையோ கரைக்கு வந்தால் மணி அடிப்பது இந்த ஊர் வழக்கமாம். மணி அடித்துவிட்டால் காற்றாவது மழையாவது, ஒரு வள்ளம் இறங்கித்தான் ஆக வேண்டும், வந்தது எந்த ஊர்க்காரன் மரமாக இருந்தாலும் சரி. பலகை பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இறங்கியது இன்னாசி, அவர் தம்பி ஒருத்தர், பக்கத்து வீட்டு அந்தோணிக்குரூஸ். மூன்று பேர், பலகை வந்த திசையைப் பார்த்துத் தென்மேற்கே போயிருக்கிறார்கள். இந்த அம்மாள் இன்னாசியின் மனைவி, சவேரியாள். போன் எடுத்துப் போயிருக்காங்களா என்று கேட்டேன். எடுத்துப் போயிருக்கிறார்கள், அந்தத் தூரத்துக்கு சிக்னல் போகாது. இன்னொரு வள்ளத்தை அனுப்பிச் சொல்லலாமே என்றேன். கிழவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "அனுப்பலாம். அப்பறம் அதத் தேட ஒண்ணு அனுப்பணும்" என்றார். அவர்கள் கண்ணில் பட்டுத் திரும்பட்டும் என்று மூங்கில் கழியில் சிவப்புப் புடவையைக் கட்டி ஊன்றினார்கள். அது படபடவென்று அடித்துக்கொண்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, உட்கார வேண்டியதுதான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், சவேரியாளுக்கு நாலடி தள்ளி.

கடல் வெறிபிடித்துக் கிடக்கிறது. காலையில் இதைத்தான் சந்தோஷம் என்று கத்தினேன். கரையில் உட்கார்ந்து பார்த்தால் வேறு கடலாக இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளைத் தலையும் வள்ளம் போலத் தெரிகிறது, உடைந்து அலையாகிவிடுகிறது. அதோ. இல்லை. அதோ அது? இல்லை. யாருக்குமே தெரியாமல் செத்துப்போவேன் என்று காலையெல்லாம் பயந்தேனே, இப்போது யாருக்கும் தெரியாமலே போயிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. பலகை அந்த முள்காட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கக் கூடாதா. தேட மூன்று பேர் போயிருக்கிறார்கள், மூன்று வீட்டுப் பெண்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. அந்த மோட்டார் சத்தம். மூன்று மணி இருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அது காதுக்குள் புகுந்த தண்ணீர் இல்லை. இன்னாசிதான். என் முதுகுக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் போயிருக்கிறார், நான் தலையைத் திருப்பியிருந்தால், ஒரு கையைத் தூக்கியிருந்தால், எல்லோரும் அப்போதே கரைக்கு வந்திருப்போம். எனக்காக எவன் வருவான் என்று அவ்வளவு நிச்சயமாக எனக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? இதைச் சொல்லவா வேண்டாமா. சொன்னால் அடிப்பார்கள். சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை. இந்தப் புத்திதான், இந்தச் சொல்லாமல் இருந்துவிடுகிற புத்திதான். நாலு மணிக்குச் சவேரியாள் ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்து, "குடிங்க சார், வெறும் வயித்தோட இருக்கீக" என்றாள். அந்த டம்ளரைக் கையில் வாங்கின பிறகு என்னால் முடியவில்லை. "அக்கா" என்றேன், "நீந்தி வரும்போது மோட்டார் சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல." அவள் நின்றாள். "ஏன்?" என்றாள். "யாரும் வந்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து, ஜெபமாலையை விட்ட மணியிலிருந்து உருட்ட ஆரம்பித்தாள். எனக்கு அந்த மௌனத்தைத் தெரியும். தூத்துக்குடி வீட்டில் ரசம் ஊற்றிய மௌனம். இனி இவளும் என்னை ஒன்றும் கேட்கமாட்டாள், இவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள், வள்ளம் வராவிட்டாலும் கேட்கமாட்டார்கள், நான் பைக்கை எடுத்துக்கொண்டு போகலாம், நாளைக்கு எட்டு மணிக்கு லேப். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஐந்தரை மணிக்குக் கிழவர் எழுந்து நின்று கண்ணுக்குமேல் கையை வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெண்களுக்குத் தெரிந்துவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்புறம் எனக்கும் தெரிந்தது, கறுப்பாக, அலைக்கு மேலே ஏறி, மறைந்து, ஏறி. மூன்று தலை. நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்றுதான். ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்தார்கள், நானும் இறங்கி ஓரத்தில் கையை வைத்தேன், யாரும் என்னை விலக்கவில்லை, தூக்கு, தள்ளு என்று மணலில் ஏற்றினோம். முன்னால் குதித்தவர்தான் இன்னாசியாக இருக்க வேண்டும். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. கிழவர் என்னைக் காட்டினார். இன்னாசி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், மணலில் உட்கார்ந்தார், உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "பாயி மட்டும் கெடந்துச்சு. அடியில சிக்கிக் கெடப்பானோன்னு அஞ்சாறு தடவ முங்கிப் பாத்தேன். மூச்சு நிக்கல. பொணமாவது வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்னுதான் விட்டுட்டு வர மனசு வரல." மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் சவேரியாள் வந்துவிட்டாள்.

அவள் புருஷனிடம் போகவில்லை. அவர் மணலில் உட்கார்ந்திருப்பதை ஒரு பார்வை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். சாயங்காலம்வரை சார், சார் என்றிருந்தவள் என் லைஃப் ஜாக்கெட் வாரைக் கொத்தாகப் பிடித்தாள். "ஏய்! சத்தம் கேட்டுச்சாம், திரும்பிப் பாக்கலையாம்! திரும்பிப் பாத்தா கழுத்தா சுளுக்கிக்கிரும்? யாரும் வரமாட்டாகன்னு நீயா எப்படி நெனப்ப? கடலுக்குப் போறவன் ஒரு வார்த்த சொல்லிப்புட்டுப் போனா என்ன, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? மூணு வீட்டுத் தாலி போயிருக்குமேடா!" ஒவ்வொரு வார்த்தைக்கும் வாரைப் பிடித்து உலுக்கினாள், என் தலை முன்னும் பின்னும் ஆடிற்று. "விடு புள்ள, ஆளுதான் வந்துட்டாம்ல" என்றார் இன்னாசி. "நீங்க சும்மா இருங்க" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்தாறு வயதில், சத்தம் போட்டு. நிறுத்திவிடாதே தாயே என்று இருந்தது, இன்னும் திட்டு, இன்னும் கொஞ்ச நேரம். அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். வாரை மட்டும் விடவில்லை. "ஒம் பேரென்ன?" என்றாள். "பேருகூடத் தெரியாம ஒரு மனுசன எப்படித்தான் வைய?" சபேசன் என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். நான் மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.